வலது பக்கத்துப் பாக்கெட்

“படத்துல இருக்கறவரு நான் கட்டிக்கப் போற மாப்பிள்ளை. பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கறது நான் இல்ல. அவ்ளோதாங்க கேசு.”

கலையரசி செல்போனை மேஜைமேல் வைத்தாள். ஆரோக்கியராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

விழுப்புரம் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரில், பரோட்டாக் கடை மாடியில் இருக்கிறது பிரபாவதி துப்பறியும் நிலையம். அதில் அவன் உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன், எல்லாமும். வருகிறவர்கள் முதலில் அழுவார்கள், பிறகு சொந்தக்காரர்களைத் திட்டுவார்கள், டீ ஆறின பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். மூச்சு விடுகிற நேரத்தில் கேசைச் சொல்லி முடித்த முதல் ஆள் இந்தத் திண்டிவனத்து டீச்சர்தான். அவனுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

பிரபாவதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய்த் தனிக்கடை போட்டவள். எரிந்த காரின் படத்தைக் கொடுத்தால், காரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற தென்னைமரத்தைப் பார்க்கிற ஆள்.

“யாருக்கு வந்துச்சு இது?”

“எங்கப்பாவுக்கு. ஞாயித்துக்கெழமை ராத்திரி. தெரியாத நம்பரு, இப்போ ஆஃப்ல இருக்குது. வெள்ளிக்கெழமை கல்யாணம். இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள இது பொய்யின்னு காட்டலன்னா மண்டபத்துக்காரருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுவேன்னு உக்காந்துக்கினு இருக்காரு.”

“உனக்கு மாப்பிள்ளை மேல சந்தேகமா?”

“இல்லீங்க மேடம். அவருமேல எனக்கு நம்பிக்கை இருக்குது. ஆனா நம்பிக்கைய எடுத்து அப்பா கையில குடுக்க முடியாதே. படத்தக் காட்டி அடிக்கறாங்க, படத்த வச்சுத்தான் திருப்பி அடிக்கணும்.” குரல் லேசாக உடைந்தது. “வூட்ல எங்க மாமா ஒருத்தருதான் எம் பக்கம். அம்மாவோட தம்பி, மயிலத்துல நெலம் வச்சி மல்லாட்டைப் பயிரு போட்டுக்கினு இருக்காரு. ‘செல்வகுமார் தங்கமான புள்ள, படத்த நம்பாதீங்க’ன்னு நேத்து பூரா அப்பாகிட்ட மல்லுக்கு நின்னாரு. உங்க அட்ரஸக் குடுத்ததே அவருதான்.”

சொல்லி வைத்ததுபோல் செல்போன் சிணுங்கியது. திரையில் முருகன், மயில், ரோஜாப்பூ. நடுவில் கைகூப்பி நின்றார் ஒரு பெரிய மீசைக்காரர்.

“முருகன் பக்கத்துல நிக்கறது வள்ளியா தெய்வானையா?” என்றான் ஆரோக்கியராஜ்.

கலையரசி அழுகையின் நடுவே சிரித்துவிட்டாள். “அதாங்க மாமா. கிருஷ்ணசாமி. தெனம் காலைல வணக்கம் அனுப்புவாரு. ஒரு நாளு முருகனோட, ஒரு நாளு தாஜ்மஹாலோட.”

பிரபாவதி சிரிக்கவில்லை. படத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“ஆரோக்கியம், இதுல மூணு சாட்சி இருக்காங்க. ஒவ்வொருத்தரையா விசாரி.”

டீக்கடை பெஞ்சு. அதன் இடது கோடியில் நீலச் சட்டையில் செல்வகுமார். இடுப்புக்குக் கீழே டீக்கடை மேசை மறைத்தது. வலது கோடியில் பச்சைப் புடவையில் ஒரு பெண். பஸ் வருகிறதா என்று பார்ப்பவள் மாதிரி தலையைப் பின்னால் திருப்பியிருந்ததால் கொண்டையும் காதும்தான் தெரிந்தன. பின்னால் ஒரு டவுன் பஸ். அதன் எல்இடி போர்டு படத்தில் வெறும் சிவப்புக் கோடாக விழுந்திருந்தது. பஸ்ஸின் விலாவில் எழுதியிருந்ததையெல்லாம் கடையில் தொங்கிய வாழைத்தார் மறைத்துவிட்டது.

“ரெண்டு பேருதான மேடம் இருக்காங்க? மூணாவது வாழைத்தாரா?”

“பஸ்ஸு.”

ஆரோக்கியராஜ் படத்தைப் பெரிதாக்கினான். “மொதல்ல ஒண்ணு சொல்றேன். இது காதலிக்கற ஜோடி மாதிரியே இல்ல. கோர்ட்டுல வாய்தாவுக்கு வந்துட்டு பஸ்ஸுக்கு நிக்கறவங்க மாதிரி இருக்குது. அந்தம்மா அந்தாண்ட பாக்குது, இவரு இந்தாண்ட பாக்கறாரு...” திடீரென்று மேஜையைத் தட்டினான். “மேடம்! பாக்கெட்டு! சட்டைப் பாக்கெட்டு வலது பக்கம் இருக்குது! எந்த ஊர்ல வலது பக்கம் பாக்கெட்டு வப்பாங்க? படத்தையே கண்ணாடில பாக்கற மாதிரி திருப்பிட்டான். கேசு முடிஞ்சது, ரெண்டு பரோட்டா சொல்லுங்க.”

“பரோட்டா ஆறாது. முந்தானை எந்தத் தோள்ல இருக்கு?”

பார்த்தான். “எடது தோள்ல.”

“சரியான தோள்தானே?”

“ஆமா.” கொஞ்சம் சுருதி இறங்கியது.

“பஸ்ஸக் கேளு.”

சின்ன வயதில் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்ட படப்புதிர் அவனுக்கு ஞாபகம் வந்தது. பஸ் எந்தப் பக்கம் போகிறது? படிக்கட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். “நம்மூரு பஸ்ஸுக்குப் படி எடது பக்கம். இதுல பஸ்ஸோட மூஞ்சி நமக்கு எடது பக்கமா இருக்குது, படி நம்ம பக்கம் தெரியுது. அப்படின்னா... பஸ்ஸு ஒழுங்காத்தான் இருக்குது.”

“படத்த முழுசாத் திருப்பியிருந்தா?”

“பஸ்ஸும் திரும்பியிருக்கணும், முந்தானையும் திரும்பியிருக்கணும்.” அவன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். “ரெண்டு சாட்சி ஒரே மாதிரி பேசுது. மாப்பிள்ளை மட்டும் கண்ணாடிக்குள்ளருந்து பேசறாரு. அப்படின்னா இவரு அந்த பெஞ்சுல உக்காரவே இல்ல! வேற எங்கருந்தோ வெட்டியாந்து ஒட்டியிருக்காங்க!”

கலையரசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது, சந்தோஷத்தில்.

“ஒருவேளை டெய்லரே பாக்கெட்ட மாத்தித் தச்சிருந்தா?” என்றாள் பிரபாவதி.

“அவரையே கேக்கலாம் மேடம். கீழ பரோட்டாக் கடையிலதான் உக்காந்துக்கினு இருக்காரு. மேல வர வெக்கமா இருக்குதாம்” என்றாள் கலையரசி.

டிராக்டர் ஷோரூமில் வேலை பார்க்கும் செல்வகுமார், செய்யாத தப்புக்குக் கூனிக் குறுகிக்கொண்டு மாடி ஏறி வந்தான். அதிர்ஷ்டவசமாக அதே நீலச் சட்டை. பாக்கெட் இடது பக்கம். அவன் செல்போனில் மூலப்படமும் இருந்தது. நிச்சயத்துக்கு ஸ்டூடியோவில் எடுத்தது. அதே சட்டை, அதே சிரிப்பு. ஆனால் பாக்கெட் இடதில், முகம் வலது பக்கம் பார்த்து.

“இது போதுமேங்க! அப்பாகிட்ட காட்டிடலாம்” என்று எழுந்தாள் கலையரசி.

“உக்காரும்மா. அப்பாவுக்கு இது போதும். ஆனா ஒட்டினவன் இருக்கானே, அவன் வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொண்ணு ஒட்டமாட்டான்னு என்ன நிச்சயம்?” பிரபாவதி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “ஆரோக்கியம், ஒட்டினவன் எதுக்கு இவரைத் திருப்பணும்?”

“பொண்ணப் பாக்கற மாதிரி இருக்கட்டும்னு...” சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தினான். செல்வகுமார் உட்கார்ந்திருப்பது பெஞ்சின் இடது கோடியில். திருப்பாமல் ஸ்டூடியோ படத்தை அப்படியே ஒட்டியிருந்தால் வலது பக்கம், நேராக அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்திருப்பான். திருப்பினதால்தான் ரோட்டைப் பார்த்துச் சிரிக்கிறான். “திருப்பினா கெட்டுப்போவுது மேடம். எவனும் வேணும்னு இப்படித் திருப்பமாட்டான்.”

“அப்படின்னா?”

“அவன் கைக்கு வரும்போதே இவரு திரும்பித்தான் வந்திருக்காரு!”

“மாப்பிள்ளையத் திருப்பி வைக்கறதையே தொழிலா வச்சிருக்கறது யாரு?”

ஆரோக்கியராஜ் ஜன்னல் வழியே பார்த்தான். பஸ் நிலைய வாசலில் யார் வீட்டுக் காதுகுத்தோ, பெரிய பிளெக்ஸ் ஒன்று காற்றில் படபடத்தது. நடுவில் மொட்டைத் தலையோடு குழந்தை. இந்தப் பக்கம் இருக்கிற பெரியப்பா சித்தப்பாவெல்லாம் குழந்தையைப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் இருக்கிற மாமன்மார்களும் குழந்தையையே பார்க்கிறார்கள். நல்ல காரியத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிற ஒருத்தரை எந்த பிளெக்ஸிலாவது பார்த்திருக்கிறோமா? வெளியே பார்க்கிற ஆளை உள்ளே பார்க்கத் திருப்பிவிடுவது பிளெக்ஸ் கடைக்காரர்களின் முதல் பாடம்.

“பிளெக்ஸு!” என்று கத்தினான். கீழே பரோட்டா மாஸ்டர் ஒரு கணம் கொத்துவதை நிறுத்தினார்.

“கல்யாண பிளெக்ஸ் கட்டியாச்சா?” என்று கேட்டாள் பிரபாவதி.

“இன்னும் இல்லீங்க. திண்டிவனத்துல அடிக்கறாங்க. எம் பிரெண்ட்ஸுதான் ஆர்டர் குடுத்தாங்க, எம் படத்தையும் அவங்கதான் குடுத்தாங்க.” செல்வகுமாரின் முகம் சுண்டியது. “மேடம், அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல மேடம்.”

திண்டிவனம் பஸ்ஸில் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு ஜன்னலில் உட்கார்ந்துகொண்டார்கள். செல்வகுமார் தன் நண்பர்களை மனசுக்குள் ஒவ்வொருத்தராக நிறுத்தி விசாரித்துக்கொண்டு வந்தான் போலிருக்கிறது, முகம் வாடிக்கொண்டே வந்தது. “இப்பவே இப்படி அந்தாண்டயும் இந்தாண்டயும் பாத்துக்கினு உக்காந்தா, பிளெக்ஸ்காரங்களுக்கு ஓவர்டைம் ஆயிடுமே” என்றான் ஆரோக்கியராஜ். கலையரசி எழுந்து வந்து செல்வகுமார் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டின சந்தில் கடை. உள்ளே மெஷின் ஒரு கட்சிக்காரரை மீசையிலிருந்து ஆரம்பித்துத் துப்பிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அன்புச்செல்வி, கல்யாணப் பெண்ணையே நேரில் பார்த்த குஷியில் சுருட்டி வைத்திருந்த பிளெக்ஸைத் தரையில் விரித்துக் காட்டினாள்.

ஆரோக்கியராஜ் குனிந்து பார்த்தான்.

செல்வகுமார் இடது பக்கம் நின்றான். வலது பக்கம் இருந்த கலையரசியைப் பார்த்துச் சிரித்தான். சட்டைப் பாக்கெட் சமர்த்தாக இடது பக்கமே இருந்தது. திருப்பவே இல்லை.

“போச்சு மேடம்” என்று முணுமுணுத்தான் ஆரோக்கியராஜ். “பஸ் சார்ஜு தண்டம்.”

பிரபாவதிக்கு மட்டும் கண்ணில் ஒரு மினுக்கு வந்தது. “அன்புச்செல்வி, இதுக்கு முன்னாடி வேற டிசைன் ஒண்ணு போட்டீங்களா?”

“அத ஏன் கேக்கறீங்க, ஒரே பேஜாரு!” அன்புச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். “மொதல்ல மாப்பிள்ளைய வலது பக்கம் வச்சேன். படத்துல அவரு வெளிய பாத்தாரு, அதனால திருப்பிப் போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பிரெண்ட்ஸு படமே கூலிங்கிளாஸோட அத்தன பேரு, எடம் எங்க இருக்குது? தாய்மாமன் படம் சின்னதா ஒரு வட்டத்துல, ஒரு பையனோட பைக் சக்கரத்தாண்ட போயிடுச்சு. மறுநாள் காலைல கடை தொறக்கறதுக்குள்ள வந்து நின்னுட்டாரு. ‘தாய்மாமன்னா இன்னான்னு நெனச்ச? சக்கரத்துக்குக் காத்தடிக்கறவனா?’ன்னு. அப்புறம் பொண்ணுக்குக் கீழ அவருக்குப் பெருசா ஒரு வட்டம் போட்டேன். அதுக்கு எடம் பண்ண மாப்பிள்ளையையும் பொண்ணையும் பக்கம் மாத்த வேண்டியதாப் போச்சு. பக்கம் மாறினதும் மாப்பிள்ளை தானா உள்ள பாத்தாரு. திருப்பற வேலையே இல்ல.”

“மொதல் டிசைன யார் யாருக்கு அனுப்பினீங்க?”

“ஒருத்தருக்குத்தான். பொண்ணு வூட்டு படத்தெல்லாம் கொண்டாந்து குடுத்தவருக்கு. ஞாயித்துக்கெழமை சாயங்காலம். பிரெண்ட்ஸுக்கு ரெண்டாவதுதான் அனுப்பினேன்.”

மெஷின் கட்சிக்காரரின் தாடை வரைக்கும் வந்திருந்தது. கலையரசி கீழே விரித்திருந்த பிளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் படத்துக்குக் கீழே பெரிய வட்டத்துக்குள் வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, பெரிய மீசை.

“எங்க வூட்டு படத்தெல்லாம் கொண்டாந்து குடுத்தது...” என்றாள்.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. “அன்பு! ரெடியா? தூக்கிக் கட்டிடலாமா?” என்று கேட்டுக்கொண்டே அதே மீசை உள்ளே வந்தது, காலெல்லாம் சேறு. கலையரசியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “பாப்பா! நீயும் இங்கதான் இருக்கறியா? டிடெக்டிவ் அம்மா, படம் பொய்யின்னு கண்டுபுடிச்சிட்டீங்க இல்ல? ஜல்தியா எங்க மச்சான்கிட்ட சொல்லுங்கம்மா. நான் அப்பவே வந்திருப்பேன், செல்லுல போட்டா பம்புசெட்டு மோட்டாரு ஓட மாட்டேங்குது, நெலத்துக்கே போய்ப் போட்டுட்டு ஓடியாறேன்.”

“எப்படிங்க ஓடும்?” என்றாள் பிரபாவதி சாந்தமாக. “மோட்டார் ஸ்டார்டர்ல இருந்த சிம்மக் கழட்டித்தானே அந்தப் படத்த அனுப்பினீங்க.”

கிருஷ்ணசாமியின் வாய் திறந்தபடியே நின்றது. அது இருட்டில் எறிந்த கல் என்று பிரபாவதி அப்புறம்தான் ஆரோக்கியராஜிடம் சொன்னாள். கல் நெற்றிப்பொட்டில் போய் விழுந்திருந்தது.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அந்த பெஞ்சுல உக்காந்திருக்கற பொம்பள யாரு?”

அவர் தரையைப் பார்த்தார். “கோவிந்தம்மா.”

“அத்தையா?” என்று அலறினாள் கலையரசி.

“ஊரான் வூட்டுப் பொண்ணு படத்த அதுல போட மனசு வரல கண்ணு. நாளைக்கி யார்னா பாத்தா அது பேரு கெட்டுப்புடும் இல்ல? அதான் நானும் உங்கத்தையும் மயிலம் பஸ் ஸ்டாப்ல எடுத்த படத்துல என்னை எடுத்துட்டு மாப்பிள்ளைய வச்சேன். அன்னிக்கி அவ கோச்சிக்கினு மூஞ்சியத் திருப்பிக்கினா, அதுவும் நல்லதாப் போச்சு.”

ஆரோக்கியராஜ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். ஆனால் கலையரசியைப் பார்த்ததும் சிரிப்பு தானாகப் போய்விட்டது.

“யாரோ ஒரு பொண்ணு பேரு கெட்டுப்போவும்னு தோணிச்சு” என்றாள் அவள். “எம் பேரு கெடும்னு தோணலியா மாமா? கல்யாணம் நின்னுபோன பொண்ணுன்னு ஊரு என்னைப் பேசாதா? எங்கம்மாவுக்கு அடுத்து உங்களத்தான மாமா நெனச்சேன்.”

அவ்வளவு பெரிய மீசைக்குக் கீழே உதடு நடுங்கியது. “கோவத்துல கண்ணு மண்ணு தெரியல பாப்பா. பைக் சக்கரத்தாண்ட போட்டுட்டாங்களேன்னு. நேத்து காலைல இந்தம்மா புது டிசைன அனுப்பினாங்க. எவ்ளோ பெருசா இருந்தேன்! அப்பவே மனசு அடிச்சிக்கிச்சு. ஆனா மச்சான் அதுக்குள்ள பாத்துட்டாரு. அனுப்பினத திரும்ப வாங்க முடியல. நான்தான்னு சொல்லவும் தைரியம் இல்ல. எப்படியாச்சும் கல்யாணம் நடந்துடணும்னுதான் உன்னை இவங்ககிட்ட அனுப்பினேன்.”

“குத்தவாளியே அட்ரஸ் குடுத்து அனுப்பின கேசு, எங்க கடைல இதாங்க மொத தடவ” என்றான் ஆரோக்கியராஜ்.

செல்வகுமார் கிருஷ்ணசாமியின் எதிரில் வந்து நின்றான். “மாமா, உங்க படம் சின்னதா இருந்தா எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? எம் பிரெண்ட்ஸு அத்தன பேரையும் எடுத்துட்டு உங்களையே போட்டிருப்பேனே. இப்ப வர்ற வழியெல்லாம் அவங்களச் சந்தேகப்பட்டுக்கினு வந்தேன். அதான் எனக்குத் தாங்கல.”

கிருஷ்ணசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

கலையரசி அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பிரபாவதி பாக்கெட்டையும் முந்தானையையும் பஸ் படியையும் சொல்லி முடித்ததும் மறுமுனையில் அப்பா சீனுவாசன் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. “சரிம்மா. படம் பொய்யி. ஒட்டினது எந்த நாயி?”

எல்லாரும் கிருஷ்ணசாமியைப் பார்த்தார்கள். அவர் போனை வாங்கிக்கொண்டார்.

“மச்சான்... நான்தான் மச்சான். பிளெக்ஸ்ல எம் படத்த சின்னதாப் போட்டுட்டாங்கன்னு கோவத்துல, கோவிந்தம்மா படத்துல மாப்பிள்ளைய ஒட்டி...”

மெஷின் கட்சிக்காரரின் வேட்டிக் கரை வரை வந்து சேர்ந்தது. கலையரசி செல்வகுமாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் சீனுவாசன் தொண்டையைச் செருமினார். “அந்த பிளெக்ஸ்ல எம் படம் எங்க இருக்குது?”

“பொண்ணுக்கு மேலதான் சார்” என்று அன்புச்செல்வி அவசரமாகச் சொன்னாள்.

“அவனவிடப் பெருசா?”

“கொஞ்சம் பெருசுதான் சார்.”

“சரி. மண்டபத்துக்காரருக்கு நான் போன் பண்ணல. எல்லாரும் வூட்டுக்கு வாங்க. அவன்கிட்ட நான் தனியாப் பேசிக்கறேன். நான் பேசி முடிச்சதும் அவன் பொண்டாட்டிகிட்டயும் போய்ப் பேசட்டும்.”

கிருஷ்ணசாமிக்கு முதல் பாதியில் வந்த உயிர் இரண்டாம் பாதியில் போய்விட்டது. ஆரோக்கியராஜ் இந்தத் தடவை அடக்கிக்கொள்ளாமல் சிரித்தான். செல்வகுமாரும் சிரித்தான். கலையரசி சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையில் கிடந்த பிளெக்ஸைச் சுற்றி வந்து, அந்தப் பெரிய வட்டத்துக்கு நேராக நின்றாள்.

“அன்பு, இன்னொண்ணு புதுசா அடிக்கணும். எல்லாரும் அப்படியே இருக்கட்டும். மாமா படமும் இதே அளவு இருக்கட்டும், ஒரு இஞ்சு கொறைக்க வேணாம்.”

“பாப்பா...” என்று நெகிழ்ந்தார் கிருஷ்ணசாமி.

“ஆனா அவரை மட்டும் திருப்பிடுங்க. ரோட்டப் பாக்கட்டும். வர்றவங்க போறவங்க எல்லாம் ‘ஏன்யா தாய்மாமன் மட்டும் அந்தாண்ட பாக்கறாரு’ன்னு கேக்கட்டும். கேக்கற ஒவ்வொருத்தருக்கும் அவரே பதில் சொல்லிக்கட்டும்.”

அன்புச்செல்வி மவுஸில் கை வைத்தாள். தொழில் தர்மம் இடித்தது போலிருக்கிறது, தயங்கினாள். “திருப்பினா சட்டைப் பாக்கெட்டு வலது பக்கம் வந்துடுமேக்கா?”

“வரட்டும்” என்றாள் கலையரசி. “அத நாங்க பாத்துக்கறோம்.”